அப்பாவோட ஹிட்டாச்சி, பதினாறில் ஒரு பங்கு



போன வாரம் நான் போட்ட ஆரஞ்சு கலர் ஹிட்டாச்சி போட்டோவுக்கு வந்த கேள்விகளுக்குத் தனித்தனியா பதில் சொல்ல டியூட்டி விடலை. மொத்தமா இங்கே எழுதிடறேன். நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதல் கேள்விக்குப் பதில்: அது கடையில வாங்கினது இல்லைங்க. ஃபோம் ஷீட், சைக்கிள் செயின், எம்சீல், புது சிரிஞ்சு. ஆஃப் கிடைச்ச நாட்கள்ல உட்கார்ந்து ஐந்து மாசத்துல செஞ்சது. "டாக்டரம்மாவுக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு சில பேர் கேட்டிருந்தீங்க. அதுக்கான பதில்தான் மீதிப் பதிவு.

எங்க அப்பா ஹிட்டாச்சி ஆபரேட்டர். நாமக்கல் பக்கம். 19 வயசுல ஹெல்பரா ஏறினவர், 59 வயசு வரைக்கும் அந்த கேபினை விட்டு இறங்கலை. நம்ம ஊர்ல டயர் வச்ச மஞ்சள் வண்டி எல்லாமே ஜேசிபி, செயின் வச்சு இடுப்பு சுத்துற வண்டி எல்லாமே ஹிட்டாச்சி. ஆனா அப்பா தலைமுறைக்கு அது பொக்லைன். பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனி. 1961-ல் டிஒய்45 என்ற வண்டியைக் கொண்டு வந்தாங்க. முழுக்க ஹைட்ராலிக்கில் இயங்கி, மேல்பாகம் முழு வட்டமும் சுத்துற எக்ஸ்கவேட்டர்களில் முன்னோடி அது. இந்தியாவில் எல் அண்ட் டி கம்பெனி அவங்களோட கூட்டு வச்சு வண்டி செஞ்சு வித்தது. அப்பா ஹெல்பரா கிரீஸ் அடிக்கப் பழகினது அப்படி ஒரு வண்டியில்தான். டாடா கூட்டில் ஹிட்டாச்சி வந்த பிறகு ஊர் வாயில பேர் மாறிடுச்சு. அப்பா வாயில மட்டும் இன்னைக்கும் "பொக்லான்".

அந்த வண்டியோட சம்பளம், பேட்டா, ராத்திரி ஷிஃப்ட் காசு எல்லாம் சேர்ந்துதான் நான் எம்பிபிஎஸ். நுழைவுத்தேர்வு இல்லாம பிளஸ் டூ மார்க்கை வச்சு சீட் கொடுத்த காலம். எங்க வீட்ல முதல் பட்டதாரி நான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு காலையில, அப்பா கையில இருந்து டீ டம்ளர் நழுவியது. இடது கை. அம்மா படிச்சது ஐந்தாம் வகுப்பு. வாய் ஒரு பக்கம் கோணுது, பேச்சு குழறுதுன்னு பார்த்ததும் எனக்குக்கூட போன் பண்ணலை, நேரா 108-க்குப் பண்ணிட்டாங்க. அது எவ்வளவு பெரிய காரியம்னு நம்ம பக்கத்தைத் தொடர்ந்து படிக்கறவங்களுக்குத் தெரியும். ரத்தக்குழாய் அடைப்பால் வர்ற பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி சிடி ஸ்கேன் எடுத்து, மூளையில ரத்தக்கசிவு இல்லைன்னு உறுதி பண்ணணும். அப்பா ஒன்றே முக்கால் மணி நேரத்துல மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போய்ச் சேர்ந்துட்டார். ஊசி போட்டாங்க. உயிர் தப்பிச்சது, பேச்சு திரும்பிச்சு, கால் முக்காலுக்கு மேல திரும்பிச்சு.

இடது கை திரும்பலை.

காரணம் கேட்டீங்கன்னா பிரஷர்தான். மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தாங்க. அதுல ஒண்ணு சிறுநீர் அதிகம் போக வைக்கிறது. சைட்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு லாரி வந்து நிக்கும்போது யாரு கேபினை விட்டு இறங்கி இறங்கிப் போறது? மாத்திரையை நிறுத்திட்டார், தண்ணி குடிக்கறதையும் குறைச்சுட்டார். லாரி, ஹிட்டாச்சி, ரிக் வண்டி ஓட்டறவங்க வீட்ல யாராவது இதைப் படிச்சா இன்னைக்கே ஒரு வார்த்தை கேளுங்க: மாத்திரை போடறீங்களா, நிறுத்திட்டீங்களா? அந்த மாத்திரை தொந்தரவா இருந்தா மாத்தி எழுதித் தர வேற மாத்திரை இருக்கு. டாக்டர்கிட்ட சொன்னாப் போதும். நிறுத்தறது மட்டும் வேண்டாம்.

பக்கவாதம் வந்த பிறகு ஆறு மாசம் பிசியோதெரபி ஒழுங்கா நடந்தது. முதல் மூணு மாசத்துல முன்னேற்றம் வேகமா இருக்கும், அப்புறம் மெதுவாகும். அது இயற்கை. ஆனா அப்பா விஷயத்துல மெதுவானது கை மட்டும் இல்லை, ஆளே மெதுவாயிட்டார். இடது கையைத் துண்டுக்குள்ள வச்சு மறைச்சுக்கிட்டு திண்ணையில உட்கார்ந்திருப்பார். யாராவது வந்தா உள்ளே போயிடுவார். பிசியோ தம்பி வீட்டுக்கு வந்து பந்தை அமுக்கச் சொன்னா, "இந்த வயசுல பந்து வெளையாடறதா கண்ணு?"ன்னு என்னைப் பார்த்துக் கேட்பார்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வருது. வீட்ல அதை "பிடிவாதம்", "சோம்பேறித்தனம்"னு பேர் வச்சுக் கூப்பிடுவாங்க. அதுக்கும் மருந்து இருக்கு, அப்பாவும் எடுத்துக்கிட்டார். தூக்கமும் பசியும் சரியாச்சு. கை துண்டுக்குள்ளேயே இருந்தது.

இந்த நேரத்துலதான் ஒரு சேதி வந்தது. அப்பா கடைசியா 14 வருஷம் ஓட்டின வண்டியை உடைக்கக் கொடுக்கப் போறாங்க. முதலாளி பேரு வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்து 10,000 ரூபாய் கொடுத்துட்டுப் போனவர், அதோட சரி. நாற்பது வருஷ சர்வீஸுக்கு ஒரு காகிதம் கிடையாது. சரி, அது வேற பதிவு. நான் போய் ஷெட்ல வண்டியை அளந்துக்கறேன்னு கேட்டேன். "அளந்து என்னம்மா பண்ணப் போற?"ன்னார். அளந்துக்க விட்டார். அதுக்கு நன்றி.

டேப்பை எடுத்துக்கிட்டு இரண்டு மதியம். அகலம் 2.8 மீட்டர். வளைஞ்ச பூம் சுமார் 5.7 மீட்டர். அதுக்கு முன்னாடி இருக்கற ஆர்ம் சுமார் 2.9 மீட்டர். செயின் தட்டு ஒவ்வொண்ணும் 600 மில்லிமீட்டர் அகலம். 20 டன் வகுப்பு வண்டிகளுக்கு இந்த அளவெல்லாம் கேட்டலாக்லயே கிடைக்கும். கேட்டலாக்ல கிடைக்காதது வேற. பக்கெட் கம்பெனி பக்கெட் இல்லை, வேற வண்டியோடது, வெட்டி ஒட்டி அஞ்சு பல் வச்சது. இடது கதவுல ஒரு பாறை விழுந்த குழி. பூமுக்கு அடியில ஒரு ஜான் நீளத்துக்கு வெல்டிங் தழும்பு. பின்னாடி வெயிட்ல அப்பாவே பெயின்டரைக் கூட்டிட்டு வந்து எழுத வச்ச "குலசாமி துணை". போட்டோ எடுத்தேன், 200-க்கு மேல.

அளவு என்ன வைக்கிறதுன்னு கொஞ்சம் மண்டையை உடைச்சேன். இந்த வகை மாடல்களை உலகம் முழுக்க சேகரிக்கறவங்ககிட்ட இருக்கறது பெரும்பாலும் 1:50. உள்ளங்கையில நிக்கும், அழகா இருக்கும். ஆனா எனக்குக் கண்ணாடி அலமாரியில வைக்க வேண்டாம், அப்பா கையில கொடுக்கணும். அது அசையணும்.

அப்போதான் சைக்கிள் செயின் காப்பாத்துச்சு. சைக்கிள் செயின்ல ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடைவெளி அரை இன்ச், 12.7 மில்லிமீட்டர். அதை 16-ஆல் பெருக்கினா 203. நிஜ வண்டியில இந்த வகுப்புக்கு சுமார் 190. இதைவிட நெருக்கமா எதுவும் கிடைக்காதுன்னு 1:16-ன்னு முடிவு பண்ணிட்டேன். பூம் 35.6 சென்டிமீட்டர், ஆர்ம் 18, அகலம் 17.5. ஒவ்வொரு கண்ணிக்கும் 37.5 மில்லிமீட்டர் அகலத்துல ஃபோம் தட்டு வெட்டி, மேல மூணு வரிசை வரம்பு ஒட்டி... ஒரு பக்கத்துக்கு நாற்பதுக்கு மேல வந்தது. நைட் டியூட்டி முடிச்சுத் தூக்கம் வராத பகல் எல்லாம் அந்தத் தட்டுலயே போச்சு. வெட்டறதுக்கு 11-ஆம் நம்பர் சர்ஜிக்கல் பிளேடு. கடைக் கட்டர் எதுவும் கிட்ட நிக்காது.

இப்போ சிரிஞ்சு விஷயத்துக்கு வர்றேன். இதுல கொஞ்சம் நின்னு பேசணும்.

எக்ஸ்கவேட்டரும் சிரிஞ்சும் ஒரே தத்துவம்தான். பள்ளிக்கூடத்துல படிச்ச பாஸ்கல் விதி. மூடிய திரவத்துல ஒரு இடத்துல கொடுக்கற அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாம பரவும். அப்பா வண்டியில பம்ப் அனுப்பற எண்ணெய் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 350 கிலோ வரைக்கும் போகும். நம்ம ரத்தத்தோட 120 பிரஷரை அதே அளவுல சொன்னா 0.16 கிலோதான். பூமைத் தூக்கற சிலிண்டர் உள்விட்டம் சுமார் 120 மில்லிமீட்டர். கணக்குப் போட்டா ஒரு சிலிண்டர் மட்டும் 39 டன் தள்ளும். அந்த மாதிரி பூமுக்கு இரண்டு, ஆர்முக்கு ஒண்ணு, பக்கெட்டுக்கு ஒண்ணு.

என் மாடல்ல நாலு இடத்துலயும் 5 மி.லி. சிரிஞ்சு. இடுப்பு சுத்த மட்டும் 10 மி.லி., ஒரு கிராங்கைத் தள்ளும். முழு வட்டம் சுத்தாது, 90 டிகிரிதான். லாரிக்கு லோடு அடிக்க அது போதும்னு அப்பாவே சொல்லிட்டார்.

செய்யப் பார்க்கறவங்களுக்கு இரண்டு நுணுக்கம். ஒண்ணு, நிஜ சிலிண்டர்ல எண்ணெய் இரண்டு பக்கமும் தள்ளும். நீட்டவும் பலம், சுருக்கவும் பலம். சிரிஞ்சுல நீட்டறது தள்ளு, சுருக்கறது வெறும் உறிஞ்சல். உறிஞ்சலுக்குக் காற்றழுத்தம்தான் எல்லை, 5 மி.லி. சிரிஞ்சுக்கு சுமார் ஒரு கிலோ இழுவை. அதனால ஃபோம் ஷீட்ல இலேசா செய்யணும், திரும்பி வர்ற பக்கத்துக்கு எடையோ ரப்பர் பேண்டோ உதவி பண்ணணும். இரண்டு, நிஜ பூம் சிலிண்டர் நீள்ற நீளத்தை 16-ஆல் வகுத்தா சுமார் 8 சென்டிமீட்டர் வரும். 5 மி.லி. சிரிஞ்சு ஓடறது நாலரைதான். அதனால சிலிண்டர் மாட்டற பின்னை கீல் பக்கம் நகர்த்தினேன். கோணம் அதே வரும், ஆனா தள்ளற பலம் அதிகம் வேணும். கண்ணுக்கும் கொஞ்சம் உறுத்தும். நுணுக்கமா மாடல் செய்யறவங்க என்னைத் திட்டலாம், திட்டுங்க.

குழாய் ஐவி செட்டோடது. வெந்நீர்ல நனைச்சா இளகி சிரிஞ்சு மூக்குல இறுக்கமா ஏறும். நடுவுல ஒரு த்ரீ வே. காற்றுக் குமிழி இருந்தா பூம் தொளதொளன்னு தொங்கும், ஏன்னா காற்று அமுங்கும், தண்ணி அமுங்காது. குமிழி எடுக்கறது எப்படின்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல பிடிச்சு இரண்டு தட்டு. ஆயிரக்கணக்குல தட்டின விரல்.

கவனிங்க. இந்த சிரிஞ்சு, குழாய் எல்லாமே மெடிக்கல் ஷாப்புல என் காசுல வாங்கின புதுசு. ஆஸ்பத்திரியில இருந்து ஒண்ணுகூட எடுக்கலை. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, பிள்ளைங்க ஸ்கூல் புராஜெக்டுக்கு "யூஸ் பண்ணின சிரிஞ்சு நாலு கொடுங்க மேடம், கழுவிக்கறோம்"னு கேட்கற பெற்றோரை நான் வருஷா வருஷம் பார்க்கறேன். கொடுக்க மாட்டோம். கழுவினாலும் கொடுக்க மாட்டோம். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி மூணும் ரத்தத்துல பரவறது. 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிப்படி ஊசி நீக்கின சிரிஞ்சும் குழாயும் சிவப்புப் பை, ஊசி துளைக்காத வெள்ளை டப்பா. அங்கே இருந்து அது பிள்ளை கைக்கு வரவே கூடாது. புது சிரிஞ்சு ஒண்ணு ஒரு டீ காசுதான். ஊசியைக் கடையிலேயே கழட்டிக் கொடுத்துட்டு வாங்க.

சரி, லீவர்.

நிஜ வண்டியில சீட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு லீவர். பரவலா இருக்கற முறையில வலது லீவர் பூமும் பக்கெட்டும். இடது லீவர் ஆர்மும் சுவிங்கும். இடது லீவரை முன்னாடி தள்ளினா ஆர்ம் வெளியே நீளும், இழுத்தா உள்ளே வரும்.

இதைப் பேப்பர்ல வரைஞ்சுக்கிட்டு இருக்கும்போதுதான் எனக்கு உறைச்சது. பக்கவாதத்துக்கு அப்புறம் கை மடங்கி இறுகறதுதான் வழக்கம். முழங்கை மடங்கும், விரல் மூடும். இழுக்கறது சுலபம், முன்னாடி நீட்டித் தள்ளறதுதான் கஷ்டம். அப்பாவுக்குத் திரும்ப வர வேண்டிய அசைவு எதுவோ, அதே அசைவுதான் இடது லீவர்ல "ஆர்ம் அவுட்".

பிசியோ தம்பிகிட்ட கேட்டேன். லீவரை நிஜத்தைவிட உயரமா வை மேடம், மணிக்கட்டு மட்டும் இல்லாம முழங்கையும் வேலை செய்யட்டும்னார். இன்னொண்ணும் சொன்னார். முதல்ல சின்ன சிரிஞ்சு. லீவர் பக்கம் 3 மி.லி. வச்சா தள்ள வேண்டிய பலம் பாதிக்குக் கொஞ்சம் மேலதான். ஆனா ஆர்ம் முழுசா நீளாது. பழகப் பழக 5 மி.லி. மாத்திக்கலாம். தோள் தொங்கக் கூடாதுன்னு முழங்கைக்குக் கீழே ஒரு பலகை வச்சோம். (வீட்ல பக்கவாதம் வந்தவங்களைத் தூக்கும்போது அந்தக் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. தோள் மூட்டு இறங்கிடும்.)

அப்பாகிட்ட வைத்தியம்னு சொல்லலை. பாதி முடிஞ்ச வண்டியைத் திண்ணையில வச்சுட்டு, பக்கெட்டுக்குப் பின்னாடி இருக்கற லிங்க் எப்படி மாட்டறதுன்னு கேட்டேன். வேற வண்டி பக்கெட்டை அந்த வண்டிக்கு எப்படிப் பொருத்தினாங்கன்னு எந்த கேட்டலாக்லயும் இல்லை. அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். முதல் நாள் தூரத்துல இருந்தே பார்த்தார். இரண்டாம் நாள் பக்கத்துல வந்து, "பல்லு மண்ணுல படுக்கோணும் கண்ணு, குத்தக் கூடாது. பின்னை ஒரு நூல் மேல ஏத்து"ன்னார். மூணாம் நாள் நான் டியூட்டி முடிஞ்சு வந்தா, அம்மாகிட்ட எம்சீல் பிசைஞ்சு வாங்கி, வலது கையால பூமுக்கு அடியில அந்த வெல்டிங் தழும்பை வச்சுக்கிட்டு இருக்கார். மாடலைச் சாயாம பிடிச்சுக்கிட்டு இருந்தது இடது கை. துண்டு தோள்ல கிடந்தது.

நான் ஒண்ணும் சொல்லலை. சொன்னா எடுத்துடுவார்.

பின்னாடி எழுத்தை நான் எழுதினா கோணலாப் போகும். நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டற பட்டறைகளுக்கு எழுதற ஒரு பெரியவர், சின்ன பிரஷ்ல, அதே வளைவோட "குலசாமி துணை" எழுதிக் கொடுத்தார். காசு வாங்கலை. அப்பாவோட வண்டிக்கும் அவர்தான் எழுதினாராம். மொத்தச் செலவு கேட்டிருந்தீங்க: 2,300 ரூபாய் சொச்சம். அதுல பெயின்ட்தான் பாதி.

இப்போ நிலவரம். திண்ணையில ஒரு பழைய தாம்பாளத்துல ஆத்து மணல். தினமும் காலையில 20 பக்கெட், சாயந்திரம் 20 பக்கெட், ஒரு டப்பாவுல லோடு அடிக்கணும். எண்ணிக்கையை அவரே வச்சுக்கிட்டார். ஆபரேட்டருக்கு லோடு எண்ணற பழக்கம் போகாது. பத்து வாரம் ஆச்சு. 3 மி.லி. லீவரை இப்போ முழுசா தள்றார். 5 மி.லி.யில பாதி வரைக்கும் போறார். டீ டம்ளரை இடது கையில பிடிக்க முடியுது, தூக்கி வாய் வரைக்கும் கொண்டு போக முடியலை. பட்டன் இன்னும் போட முடியலை.

மாடல்தான் குணப்படுத்துச்சுன்னு யாரும் எடுத்துக்காதீங்க. பிசியோ நிக்கலை, பிரஷர் மாத்திரை நிக்கலை. "மக்களைத் தேடி மருத்துவம்" அக்கா மாசா மாசம் வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுத்து பிரஷர் பார்த்துட்டுப் போறாங்க. திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்யறதுதான் பக்கவாதத்துக்குப் பிறகான பயிற்சியோட அடிப்படை. பந்தை நூறு தடவை அமுக்க அப்பாவுக்கு மனசு வரலை, மணலை நூறு தடவை அள்ள வருது. அவ்வளவுதான் வித்தியாசம். உங்க வீட்ல இருக்கறவர் தறி ஓட்டினவரா இருக்கலாம், பூ கட்டினவரா இருக்கலாம். பிசியோகிட்ட அதைச் சொல்லிப் பாருங்க. அந்த வேலையில இருந்தே அசைவைப் பிரிச்சு எடுத்துக் கொடுப்பாங்க. ஆறு மாசம் தாண்டிடுச்சு, இனி வராதுன்னு விட்டுடாதீங்க. மெதுவா வரும், கொஞ்சமா வரும், ஆனா வரும்னு பல பேர்கிட்ட பார்த்திருக்கேன்.

நிஜ வண்டி போன மாசம் உடைக்கப் போயிடுச்சு. அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் மணலைப் பார்த்துக்கிட்டு இருந்தார். "பூம் பின்னு புதுசு போட்டு ஆறு மாசம்தான் ஆச்சு. அதைக் கழட்டி எடுத்துட்டானுங்களா?"ன்னு கேட்டார். தெரியலைன்னேன்.

நேத்து புதுசா ஒரு ஆர்டர் போட்டிருக்கார். ஹிட்டாச்சி ரோட்டுல தானா ஓடி சைட்டுக்குப் போகாதாம், செயின் தேயுமாம். லோபெட் டிரெயிலர் வேணுமாம், அதுவும் அதே 16-ல. நிஜத்துல மூணு மீட்டர் அகலம், அப்போ எனக்கு 19 சென்டிமீட்டருக்குக் குறையாம பலகை வேணும். பொம்மை லாரி டயர் அந்த அளவுல எங்கே கிடைக்கும்னு யாருக்காவது தெரிஞ்சா கமெண்ட்ல சொல்லுங்க. எட்டு டயர் வேணும். ஸ்டெப்னியோட ஒன்பது.